தமிழ்நாட்டில் அரசு மனநலச் சேவை: எங்கே போவது, என்ன கேட்பது, எது உரிமை

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலத்துக்கென்று தமிழ்நாடு அரசில் தனித் துறை இருக்கிறதா?

தனித் துறை இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள் சில அமைப்புகள் இந்த வேலையைப் பகிர்ந்து செய்கின்றன. எந்தக் காரியத்துக்கு எந்த வாசல் என்று தெரியாமல்தான் பல குடும்பங்கள் அலைகின்றன.

முதலாவது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநலக் காப்பகம். 1794-இல் இருபது பேருக்கான சிறு விடுதியாகத் தொடங்கி, பிறகு கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு இடம் மாறி, 1,800 படுக்கைகள் வரை வளர்ந்த மருத்துவமனை இது. சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. இரண்டாவது, மாவட்ட மனநலத் திட்டம். இதுதான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது. 1996-இல் நாடு முழுவதும் நான்கே மாவட்டங்களில் இது தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மூன்றாவது, மாநில மனநல ஆணையம். இது சிகிச்சை தருவதில்லை; மனநல மருத்துவமனைகளையும் இல்லங்களையும் பதிவு செய்து மேற்பார்வை பார்ப்பது இதன் வேலை. நான்காவது, மனநல மறுஆய்வு வாரியங்கள். நோயாளியின் உரிமை மீறப்பட்டதாக நினைத்தால் முறையிட வேண்டிய இடம் இவைதான். இவை தவிர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இயங்குகிறது.

ஊனச் சான்றிதழ், உதவித்தொகை, மறுவாழ்வு இல்லம் ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் போய் உதவித்தொகை கேட்டால், கைகாட்டி அனுப்பிவிடுவார்கள்.

கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை வரும் நோய்), இருதுருவ நோய் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது), குடிநோய், வலிப்போடு சேர்ந்த நடத்தை மாற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே சிகிச்சை தொடங்கலாம். திட்டத்தின் வழிகாட்டுதல்படி அங்கே மனநலத்துக்கென்று பத்துப் படுக்கைகள் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார். எந்தக் கிழமை எந்த ஊர் என்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்பி வருவதுதான் இங்கே அதிகம் நடக்கும் வீண் அலைச்சல்.

தூரத்து மருத்துவமனையில் தொடங்கும் சிகிச்சை பாதியில் நின்றுபோக முதல் காரணம் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும். மாதாமாதம் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சாதாரண மருத்துவமனை, வருடத்துக்கு இரண்டு முறை மட்டுமே போக முடிகிற பெரிய மருத்துவமனையைவிட நோயாளிக்கு நல்லது. இதை அழுத்திச் சொல்கிறோம்.

முதல் தடவை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆதார் அட்டை அல்லது வேறு அடையாள அட்டை, இதற்கு முன் பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் (சர்க்கரை, ரத்த அழுத்தம், நாட்டு மருந்து உட்பட). அடையாள அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது.

காகிதத்தைவிட முக்கியமானது விவரம். நோயாளியோடு வாழ்பவர் ஒருவர் கூடப் போக வேண்டும். ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்: மாற்றம் தொடங்கியது எந்த மாதம், தூக்கம் இரவில் எத்தனை மணி நேரம், சாப்பாடு குறைந்திருக்கிறதா, தனக்குத்தானே பேசுவது அல்லது சந்தேகப்படுவது உண்டா, சாவைப் பற்றிப் பேசினாரா, குடியோ கஞ்சாவோ உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா. "அவனுக்கு மனசு சரியில்லைங்க" என்று மட்டும் சொன்னால், கூட்டமான ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்கள் கேள்வி கேட்பதிலேயே கழிந்துவிடும்.

வர மறுக்கிறார். என்ன செய்வது?

நோயாளி இல்லாமலே குடும்பத்தார் போய்ப் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய குழு இருக்கிறது. முதல் பேச்சைச் சமூகப் பணியாளரிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போக முடியாத நிலையில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவை இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

நோயாளியிடம் பேசும்போது "உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, வா" என்று சொல்லி யாரையும் அழைத்துவர முடியாது. அவரே அவதிப்படும் ஒன்றைப் பிடியுங்கள். தூக்கமின்மை, தலைவலி, பயம், பசியின்மை இவற்றில் ஏதாவது ஒன்று அவருக்கே தொல்லையாக இருக்கும். "தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுப் பார்ப்போம்" என்பது பொய்யில்லை. உண்மையிலேயே அதற்கும் மருந்து உண்டு. அவருக்குக் கேட்கும் குரல்களைப் பற்றியோ சந்தேகத்தைப் பற்றியோ வாதாடாதீர்கள். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்பது கஷ்டமாக இருக்கும்" என்று சொன்னால் போதும்.

சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. பல வீடுகளில் இது நடக்கிறது, மனம் நொந்துதான் செய்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கழுத்து இழுத்துக்கொண்டாலோ மயக்கம் வந்தாலோ, என்ன நடக்கிறது என்று நோயாளிக்கே புரியாது. என்றாவது ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்ற அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்; அதன்பிறகு சோற்றையும் தொட மாட்டார், மாத்திரையையும் தொட மாட்டார். மாத்திரை சாப்பிட மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்துகள் உண்டு. அவரிடம் சொல்லி, சம்மதம் பெற்றுப் போடுவது. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சம்மதம் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்க முடியுமா?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறது. பழைய 1987-ஆம் வருடச் சட்டத்தின் நினைப்பில் "கோர்ட்டு ஆர்டர் வாங்க வேண்டுமே" என்று இன்னும் பலர் ஓடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் வேண்டாம்.

விரும்பி வருபவரைத் தன்விருப்ப அனுமதியில் சேர்ப்பார்கள். அவர் கேட்டால் விட்டுவிட வேண்டும். மிகவும் தேவைப்பட்டால் மட்டும் 24 மணி நேரம் நிறுத்தி வைத்து மறுமதிப்பீடு செய்யலாம்.

சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்கீழ் சேர்க்கலாம். இதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க உதவுபவர்; விவரம் அடுத்த கேள்வியில்) விண்ணப்பிக்க வேண்டும். அதே நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாள்களிலோ இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் மனநல மருத்துவராகவோ, மனநல வல்லுநராகவோ, பொது மருத்துவராகவோ இருக்கலாம். தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து, பிறருக்குத் தீங்கு செய்யும் ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை ஆகியவற்றில் ஒன்றாவது இருப்பதாக இருவரும் எழுத வேண்டும். "சொன்னபடி கேட்பதில்லை", "கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை", "சொத்தைப் பிரிக்கச் சொல்கிறான்" என்பவை காரணமாகாது.

இந்த அனுமதி அதிகபட்சம் 30 நாள். பெண்களையும் சிறார்களையும் சேர்த்தால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்களைச் சேர்த்தால் 7 நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால், தங்குவதா போவதா என்பது அவர் முடிவு. 30 நாளுக்கு மேலும் தேவைப்பட்டால் 90-ஆம் பிரிவு. அதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், வாரியம் 21 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120 நாள், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள் என்பது வரம்பு.

உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 94-ஆம் பிரிவின்படி எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும், நியமனப் பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய ஒப்புதலோடு, 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். அருகில் மனநல மருத்துவர் இல்லை என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம் கைவிரிக்க வேண்டியதில்லை.

நியமனப் பிரதிநிதி என்றால் யார்? வக்கீல் வேண்டுமா?

வேண்டாம். வயதுவந்த எவரும், நல்ல நிலையில் இருக்கும்போது, ஒரு வெள்ளைத்தாளில் "என் சார்பில் இன்னார்" என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அப்பா அம்மாதான் என்றில்லை, நண்பராகவும் இருக்கலாம். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், அடுத்து கவனித்துக்கொள்பவர் என்று சட்டமே வரிசை வைத்திருக்கிறது. யாருமே இல்லாதவருக்கு வாரியம் ஒருவரை நியமிக்கும்.

இதோடு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஒன்றும் உண்டு. "மறுபடி நோய் வந்தால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்" என்று எழுதி வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது. இருதுருவ நோய் உள்ளவர்கள் தெளிவாக இருக்கும் மாதங்களில் இதைச் செய்துவைப்பது மிகவும் உதவும். இப்படி ஒரு வசதி இருப்பதே இன்னும் பலருக்குத் தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபின் கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது, கண் மேலே சொருகுகிறது. நிறுத்திவிடலாமா?

உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் தொடங்கிய முதல் சில நாள்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு, தசை இப்படி இழுத்துக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும். ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் சரியாகிவிடும். இரவில் போனால் "என்ன மாத்திரை சாப்பிட்டார்" என்ற அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்; இல்லையென்றால் வலிப்பு என்று நினைத்து வேறு மருந்து போட வாய்ப்புண்டு. மறுநாள் மனநலப் பிரிவில் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள், அல்லது கூடவே இந்த இழுப்பைத் தடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை தருவார்கள். இந்த முதல் வாரப் பயத்தில் மருந்தை விட்டவர்கள் ஏராளம். முதல் சீட்டு எழுதும்போதே மருத்துவர் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

மற்ற மருந்துகளில் கவனிக்க வேண்டியது?

ஒலான்சபின்: பசி கூடும், எடை ஏறும். தொடங்கும் முன்பும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதே மருத்துவமனையின் ஆய்வகத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். யாரும் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

லித்தியம்: ரத்தத்தில் இதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைப்பார்கள், நோய் திரும்பும். வாந்தி, பேதி, வெயிலில் அதிக வியர்வை, உப்பைத் திடீரென்று குறைப்பது, மூட்டுவலிக்கு புரூஃபென் வகை மாத்திரை சாப்பிடுவது இவை எல்லாம் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குளோசபின்: வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தருவது. வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கலையும் சாதாரணமாக நினைக்காதீர்கள், இந்த மருந்தில் அது குடலையே அடைத்துவிடும். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், பழைய அளவில் நீங்களாகத் தொடங்கக் கூடாது; மருத்துவர் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றுவார்.

வால்ப்ரோயேட்: கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்கு இயன்றவரை தவிர்க்க வேண்டிய மருந்து. கருவில் குழந்தைக்குக் குறை ஏற்படலாம். திருமணம் பேசும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

தூக்க மாத்திரைகள் (டயசிபாம், அல்ப்ரசோலம் வகை): இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடர்வது பழக்கமாகிவிடும். பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

குணமாகிவிட்டது. எப்போது நிறுத்தலாம்?

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாக ஆனபின்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். மனச்சிதைவும் இருதுருவ நோயும் இதைவிட நீண்ட சிகிச்சை கேட்பவை. நிறுத்துவதை மருத்துவரோடு பேசி, மெதுவாக, யாராவது கவனித்துக்கொண்டிருக்கும் காலத்தில் செய்ய வேண்டும். அறுவடையோ கல்யாணமோ ஊர்த் திருவிழாவோ நடக்கும் சமயத்தில் வேண்டாம்.

மாத்திரை விட்டுப்போகும்போது நோய் மறுநாளே வருவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் "மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறானே" என்று குடும்பம் நம்பிவிடுகிறது. தூக்கம் குறைவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். தொடர்ந்து மூன்று இரவு தூங்கவில்லை என்றால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். எழுதிய மருந்து இல்லாவிட்டால் சீட்டோடு அதே நாளில் மருத்துவரிடம் திரும்பிப் போய், இருக்கும் மருந்தாக மாற்றி எழுதி வாங்குங்கள். வெறுங்கையோடு வீடு திரும்பாதீர்கள். கீழ்ப்பாக்கத்தில் சிகிச்சை பெறுபவர் சொந்த ஊரிலேயே மருந்து வாங்க விரும்பினால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருக்கும்படி எழுதி வாங்க வேண்டும். "மஞ்சள் மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை அரை" என்று சொன்னால் எந்த மருத்துவரும் தொடர முடியாது, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கரண்ட் ஷாக் வைப்பார்களா?

மின்னதிர்வு சிகிச்சை கடும் மனச்சோர்வு, சாப்பிடாமல் பேசாமல் உறைந்துபோகும் நிலை, தீவிரத் தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் உயிர் காக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை தருவது வழக்கம். சமீபத்திய நினைவுகள் சில நாளோ சில வாரமோ மங்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் கட்டாயம்.

கோயிலிலோ தர்காவிலோ தங்கவைத்திருக்கிறோம். தவறா?

வழிபாடு தவறில்லை. சங்கிலி தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும், எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. வீட்டுத் திண்ணையில் கட்டினாலும் இதே நிலைதான்.

பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர்காவிலும் கோயிலிலும் தங்கியிருப்பவர்களைத் தேடிப் போய்ச் சிகிச்சை தருவதும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் வேலைதான். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்கும் மருத்துவரால் அந்தக் குடும்பத்தை இழக்கத்தான் முடியும்.

தெருவில் ஒருவர் கிழிந்த துணியோடு திரிகிறார். யாரிடம் சொல்வது?

காவல் நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 112-ஐ அழையுங்கள். மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். "கூட யாரும் இல்லை, அட்டெண்டர் இல்லாமல் சேர்க்க மாட்டோம்" என்று மருத்துவமனையில் சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மதிப்பீடு செய்ய ஏற்பாடு செய்வது மருத்துவ அதிகாரியின் பொறுப்பு.

வீடற்றவர்களுக்கென அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு சில மாவட்டங்களில் நடத்துகிறது. குளிப்பாட்டி, காயத்துக்கு மருந்திட்டு, சிகிச்சை தந்து, பேசத் தொடங்கியதும் ஊர் கேட்டுக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. வேற்றுமாநிலத்தவர் என்றால் மொழி தெரிந்தவரைத் தேடிப்பிடிப்பதற்கே நாள் ஆகும். வீடு சேர்ந்தபின் அந்த ஊர் மருத்துவமனையில் மருந்து தொடர ஏற்பாடு செய்யாவிட்டால், சில மாதத்தில் அவர் மறுபடி ரயிலேறிவிடுவார்.

பக்கத்து வீட்டில் ஒருவரை அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். அதிகாரி நீதித்துறை நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நடுவர் அவரை மதிப்பீட்டுக்காக அரசு மனநல மருத்துவமனையில் 10 நாள் வரை வைக்க உத்தரவிடலாம். ஆனால் முதலில் மாவட்டக் குழுவின் சமூகப் பணியாளரை வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். பூட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோர். வேறு வழி தெரியாமல் செய்கிறவர்கள்.

தற்கொலைக்கு முயன்றவர் மீது போலீஸ் கேஸ் வருமா?

வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்தே உயிர் போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், காவலர் வந்து கேட்பார். அது நடைமுறை, குற்றவழக்கு அன்று.

ஒரு எச்சரிக்கை: எலி பேஸ்ட் வகை விஷங்களில் முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் கெடும். "வாந்தி எடுத்துவிட்டான், சரியாகிவிட்டது" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பாற்றப்பட்டவரை உடல் தேறியதும் அப்படியே அனுப்பிவிடாமல் மனநலப் பிரிவில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் வாரங்களும் ஆபத்தானவை. வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி எண்ணம் வந்தால், இப்போதே 14416 அல்லது 104.

குடியை வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தவைக்கலாமா?

தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் வேண்டாம். நிறுத்திய முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததைப் பார்த்துப் பிதற்றலாம்; இதில் உயிரே போகும். மருத்துவமனையில் சேர்த்து, படிப்படியாகக் குறைக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தந்து நிறுத்துவதுதான் வழி. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

தனியார் குடிபோதை மறுவாழ்வு மையமும் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பார்த்தபிறகே பணம் கட்டுங்கள். வண்டியோடு ஆள் அனுப்பிக் கட்டித் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

பிரசவமான இரண்டாம் வாரத்தில் தூங்காமல் உளறுகிறாள். பேய் பிடித்ததா?

பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய், அவசரநிலை. தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே கொண்டுபோங்கள். சரியான சிகிச்சையில் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். மருத்துவமனையில் சேர்க்கும்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது சட்டம். பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா?

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. மதிப்பீடு நான்கு விஷயங்களில்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை கூடும். மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம், அதாவது சான்றிதழுக்கான எல்லை.

இங்கே நடக்கும் தவறு இதுதான்: அன்று மட்டும் குளித்துச் சட்டை மாட்டி அழைத்துவந்து, "எல்லாம் நன்றாகத்தான் செய்வான்" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டும், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியாக வாங்குவாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தொடர் சிகிச்சைச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். இணையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, மருத்துவக் குழு கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

காப்பீட்டில் மனநோய்க்குப் பணம் தருவார்களா?

உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் தர வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

மருத்துவமனையில் அடித்தார்கள், அல்லது விருப்பமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?

முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி அல்லது அந்தத் தகுதியில் ஓய்வுபெற்றவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், பொது மருத்துவர், இவர்களோடு நோயிலிருந்து மீண்டவர்களோ குடும்பத்தாரோ தொண்டு நிறுவனத்தாரோ இருவர் உறுப்பினர்கள். நோயாளியே எழுதலாம், நியமனப் பிரதிநிதியும் எழுதலாம். 89-ஆம் பிரிவு அனுமதியை எதிர்த்தால் 7 நாளுக்குள்ளும், 90-ஆம் பிரிவு என்றால் 21 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 90 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். அதை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

கைகால்களைக் கட்டியிருந்தால், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்று மனநல மருத்துவர் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாகாது. புகாரோடு இணைக்க, நோயாளியின் மருத்துவப் பதிவுகளின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 25-ஆம் பிரிவு அதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது.